பார்க்காமல் எழுதிய மூன்று வரிகள்

பயிற்சிக்கு வந்த இரண்டாம் வாரம் பிரசவ அறையிலிருந்து வெளியே ஓடிவந்து, குழாயடியில் குனிந்து நின்றுகொண்டு, "அம்மா, எனக்கு இந்த வேலை வேணாம்மா" என்று வீட்டுக்குப் போன் செய்யும் பிள்ளைகளைப் பல வருடங்களாகப் பார்த்துவிட்டேன். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வாந்தி எடுப்பார்கள், வாயைக் கொப்பளிப்பார்கள், உள்ளே திரும்பிப் போவார்கள். என் கவலையெல்லாம் வாந்தி எடுக்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்ட பிள்ளைகளைப் பற்றித்தான். நான் அந்த வகை. அதனால் சொல்கிறேன்.

மணலூர்பேட்டைப் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம் எங்களுடையது. வீட்டில் கோழி அறுத்தால் நான் கொல்லைப் பக்கம் போகமாட்டேன். அப்படிப்பட்டவளுக்குக் கிராமச் செவிலியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. மதிப்பெண் போதுமானதாக இருந்தது. கோழியைப் பற்றி விண்ணப்பத்தில் கேட்கவில்லை.

முதல் விபத்து கட்டுப் போடும் அறையில் நடந்தது. கரும்பு வெட்டும்போது காலில் கத்தி பட்ட ஒருவருக்குப் பழைய கட்டைப் பிரித்தார்கள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது தரைதான். என்னோடு சேர்ந்து விழுந்த சாமான்கள் பதினொன்று. அன்று மாலையே நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். பதினான்கு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். இங்கே சொல்லும் நேரங்களும் எண்களும் அதைப் பார்த்து எழுதியவை.

அதன் பிறகு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். விடுதித் தோழிகள் கையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒருத்தி முந்தானையில் கற்பூரம் முடிந்துகொள்ளச் சொன்னாள். கட்டுப் போடுபவர் எல்லோரையும்விட அனுபவசாலி.

"இன்னாம்மா இது, இதுக்குப் போயி மயங்கிக்கினு. தக்காளி ரசம்னு நெனச்சிக்கோயேன்."

நினைத்துப் பார்த்தேன். ரத்தம் ரத்தமாகவே இருந்தது. ரசத்தைத்தான் எட்டு மாதம் என்னால் சாப்பிட முடியவில்லை.

கடைசியில் வழியை நானே கண்டுபிடித்தேன். மலையடிவாரத்தில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வெள்ளிமலை போகும் பஸ் எங்கள் வாசலைத் தொட்டுத்தான் மலையேறும். அங்கே பிரசவ அறைச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம் மாட்டியிருந்தது. முக்கியமான தருணம் வரும்போதெல்லாம் நான் அதன் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கேட்டதைக் கைக்கு எடுத்துக் கொடுப்பேன், கண் மட்டும் முள்ளில் இருக்கும். குழந்தை அழும் சத்தம் கேட்டதும், "பத்து நாற்பத்திரண்டு" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டில் குனிந்துகொள்வேன். மயக்கம் வரவில்லை.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பாராட்டு வந்துவிட்டது. "இவ்ளோ கரெக்டா டைம் குறிக்கிற பொண்ண நான் பாத்ததே இல்ல" என்றார் டாக்டர். அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு நான் எழுதிய பதிவேட்டை மற்றப் பயிற்சிப் பெண்களுக்குக் காட்டினார்கள். சமவெளி ஊர்களில் ஜாதகம் எழுதுகிறவர்கள் வரை என் பெயர் போயிற்று. நைனார்பாளையத்திலிருந்து ஒரு ஜோசியர் பஸ் ஏறியே வந்தார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போறேம்மா. நீங்க குறிக்கிறது தலை தெரிஞ்ச நேரமா, முழுசா வெளிய வந்த நேரமா?"

தலையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. "அழுத நேரம்ங்க" என்றேன்.

"ரொம்ப சரி. சாஸ்திரமும் அதான் சொல்லுது" என்று திருப்தியோடு போனார். கோழைத்தனத்துக்குச் சாஸ்திரமும் துணைக்கு வந்துவிட்டது.

மலையிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் என் நேரத்தில் மரியாதை இல்லை. அவர்களில் ஒருத்தி காளியம்மா. இரண்டாவது பிரசவம். நாத்தனாரோடு இறங்கி வந்திருந்தாள். கணவன் மலையில் சாமை அறுப்பில் இருந்தான். அவர்கள் வந்ததுதான் மலையிலிருந்து இறங்கிய கடைசி பஸ். மறுநாள் காலையிலிருந்து இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கிவிட்டது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். கூட்டத்துக்காகக் கள்ளக்குறிச்சி போயிருந்த டாக்டர், ஜீப்போடு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார். இந்தப் பக்கம் இருந்தது பெரிய சிஸ்டரும் நானும்தான். பெரிய சிஸ்டர் என்று எல்லோரும் கூப்பிட்டது பணியில் இருந்த மூத்த செவிலியரை.

மறியலின் மூன்றாம் நாள் காலை பத்து இருபத்தாறுக்குக் காளியம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நேரத்தை நாத்தனாரிடம் சொன்னேன்.

"அத வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்றாள் அவள். "கொழந்தக்கித் துணி இருந்தா குடு."

நஞ்சுக்கொடி விழுந்தது. பெரிய சிஸ்டர் எல்லாவற்றையும் சரிபார்த்தார். இரண்டு நாளாகத் தூங்காதவர். குளித்துவிட்டு ஒரு வாய் சாப்பிட்டு வர, பின்னால் இருந்த குடியிருப்புக்குப் போனார். போகும்போது என்னிடம் சொன்னது நாட்குறிப்பில் அப்படியே இருக்கிறது: "கால் மணிக்கு ஒரு தடவை பாரு. நாடி, பிரஷர், வயிறு, போக்கு. நாலும் பாக்கணும்."

நான்கு கட்டம் போட்டுக்கொண்டேன். நாடி பார்ப்பதில் சங்கடம் இல்லை. அதற்குக் கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் பாதரசத்தைப் பார்த்தால் போதும். வயிற்றைப் போர்வைக்கு மேலாகவே ஒரு தொடு தொட்டேன். நான்காவது கட்டம், போக்கு. அதற்குப் போர்வையை விலக்கி, எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று துணியைப் பார்க்க வேண்டும். நான் விலக்கவில்லை. பத்தே முக்காலுக்கு "இயல்பு" என்று எழுதினேன். பதினோரு மணிக்கும் "இயல்பு". பதினொன்றேகாலுக்கும் "இயல்பு".

இடையில் காளியம்மா மெதுவான குரலில் சொன்னாள்: "சிஸ்டர், ஈரமா இருக்குதுங்க."

"அப்படித்தான் இருக்கும். ஆடாம படு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னாள். நான் மறுபடி அதையே சொன்னேன்.

நாடி முதலில் எண்பத்து நான்கு, அடுத்து தொண்ணூற்றாறு, அடுத்து நூற்றுப் பன்னிரண்டு. மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, இலக்கம் பிசகாமல் எழுதியிருக்கிறேன். மலையேறும் பஸ்ஸைப் போல அந்த எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. எனக்கோ அவை நேர்கோட்டில் அமைந்திருந்ததுதான் கண்ணில் பட்டது.

"எழுதிக்கினே இருக்கிறியே," என்றாள் குழந்தையை மடியில் வைத்திருந்த நாத்தனார், "அவ மூஞ்சியப் பாத்தியா? சுண்ணாம்பு அடிச்ச செவுராட்டம் இருக்குது."

பார்த்தேன். பிறகு போர்வையை விலக்கினேன்.

விரித்திருந்த துணியெல்லாம் ஊறி, ரப்பர் விரிப்பின் மடிப்பில் ரத்தம் தேங்கியிருந்தது. கட்டிலுக்குக் கீழேயும் சொட்டிக்கொண்டிருந்தது. விழுந்தேன் என்று சொல்வது சரியாகாது, உட்கார்ந்தேன். கண் இருண்டது.

"எந்திரி தாயி!" நாத்தனாரின் குரல் கேட்டது. "அவளும் படுத்துக்கினு நீயும் படுத்துக்கினா நான் எத்தினி பேரப் பாக்குறது? கையில கொழந்த வேற."

எழுந்தேன். வீரம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை அவள் வயிற்றில் வைத்தேன், இந்த முறை போர்வை இல்லாமல். கர்ப்பப்பை கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும். பிசைந்த மாவு மாதிரி இருந்தது. பெரிய சிஸ்டரைக் கூப்பிட நாத்தனாரை ஓடச் சொன்னேன். வயிற்றைத் தேய்த்து அழுத்தினேன். கட்டி கட்டியாக வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தட்டில் தயாராக இருந்த ஊசியைப் போட்டேன். பார்த்துக்கொண்டே, கட்டிலின் மறுபக்கம் திரும்பி வாந்தியும் எடுத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. உங்களுக்கும் முடியும்.

பெரிய சிஸ்டர் ஈரத் தலையோடு ஓடிவந்தார். குளுக்கோஸ் ஏற்றினார். கால் மணி நேரம் இருவரும் போராடினோம். வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

"இங்க நிக்காது. ரத்தம் ஏத்தணும். கள்ளக்குறிச்சிக்குத்தான் போகணும்," என்றார். "உள்ள இன்னொருத்தி வலில கெடக்குறா, நான் வர முடியாது. நீ போ. மூடுன கையால வயித்த அமுக்கிக்கினே போ. கைய எடுத்தா அவ இல்ல. புரியுதா?"

மறியலால் எங்கள் வாசலில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிமலை ஜீப்பில் அவளை ஏற்றினோம். முதல் மரம் இரண்டு கிலோமீட்டரில் வந்தது. பெரிய புளியமரம், சாலையை முழுக்க மறித்துக் கிடந்தது. அதன் மேல் பதினைந்து பேர் இருக்கும், கையில் கோடரிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய ஒருவர் இறங்கி வந்தார்.

"வண்டி போவாதுங்க. எந்த வண்டியும் போவாது."

"பிரசவ கேஸுங்க. ரத்தம் போய்க்கினே இருக்குது. நீங்களே பாருங்க."

ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஐயோ, வேணாங்க, காட்டாதீங்க" என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அந்த முகம் தெரிந்த முகம். எட்டு மாதமாக நான் அதைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

மரத்தின் மேல் ஆலோசனை நடந்தது.

"மரத்த நவுத்திரலாமா?"

"நவுத்த அரை நாளு ஆவும். அதுக்குள்ள அந்தப் பொண்ணு..."

"அப்ப ஆளத் தூக்கி அந்தாண்ட வுட்ரலாம். அங்க நம்ம டிராக்டர் நிக்குது."

பக்கத்து வீட்டிலிருந்து கயிற்றுக் கட்டில் வந்தது. காளியம்மாவை அதில் கிடத்தினோம். ஆறு பேர் தூக்கினார்கள். மரத்தின் அடிப்பக்கம் கிளைகளை வெட்டி ஆள் ஏறும் வழி வைத்திருந்தார்கள். நான் பக்கத்திலேயே, மூடிய கையை வயிற்றில் அழுத்திக்கொண்டு ஏறினேன். நாத்தனார் குழந்தையோடு பின்னால் வந்தாள்.

பாதி வழியில் கட்டில் சாய்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஆறு பேரும் முகத்தைக் கரும்புத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணையே மூடியிருந்தார். மூன்று நாளில் எத்தனையோ மரங்களைச் சாய்த்த கைகள்.

"கண்ணத் தொறந்து நடங்க!" என்று கத்தினேன்.

"எப்பிடிம்மா பாக்குறது? பொம்பள சமாச்சாரம்..."

"ரத்தத்தக் கண்டாலே எனக்கு ஆவாதுங்க" என்றார் கண்ணை மூடியிருந்தவர்.

"எனக்கும்தாங்க ஆவாது!"

வாதாட நேரமில்லை. எல்லோருக்கும் சேர்த்து நானே பார்த்தேன். "முன்னால இருக்கிறவரு வலது காலத் தூக்குங்க, கிளை இருக்குது. பின்னால தாழ்த்தாதீங்க. இப்ப எறங்குது, மெதுவா, மெதுவா." அவர்கள் கால், கட்டில், குளுக்கோஸ் பாட்டில், துணியில் ஊறும் ரத்தம் என்று எல்லாவற்றையும் ஒரே பார்வையில் வைத்திருந்தேன். கடிகாரம் எதுவும் அங்கே இல்லை. அந்தப் பயணத்துக்கு மட்டும் என் நாட்குறிப்பில் நேரம் கிடையாது.

அந்தப் பக்கம் டிராக்டரில் ஏற்றியதும், துண்டு கட்டியவர் ஒரு சைக்கிளை வாங்கி மிதிக்கத் தொடங்கினார். "முன்னாடி மூணு மரம் இருக்குது. நான் போயி சொல்லி வெக்கிறேன்." சொன்னபடியே ஒவ்வொரு மரத்திலும் ஆறு பேர் தயாராக நின்றார்கள், மரத்துக்கு அந்தப் பக்கம் வேறொரு வண்டியும் நின்றது. ஒவ்வொரு ஆறு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் வழி சொன்னது நான்தான். கடைசி மரத்தில் அவரே கட்டிலுக்குத் தோள் கொடுத்தார்.

"எங்க புள்ளைங்களும் டாக்டரு, நர்ஸுன்னு வரணும்னுதாம்மா இந்த மறியலே" என்றார், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

"வரட்டுங்க. வந்தா இங்க பாக்கணும்."

"அத அவங்க பாத்துக்குவாங்க" என்றார். தூக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கேட்டது நியாயம்தான் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவருக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு வந்து ஒன்றிரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரத்தம் எப்போ போக ஆரம்பிச்சுது?"

ஜோசியர்கள் நம்பிய ஆள் நான். நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தேன்.

"கொழந்தயத் தொடச்சி என் கையில குடுத்தாங்க பாருங்க, கொஞ்ச நேரத்துலயே ஈரம்னு சொன்னா" என்றாள் நாத்தனார். "ரெண்டு தடவ சொன்னா."

ரத்தம் ஏற்றினார்கள். அன்று பொழுது சாயும்வரை அவள் பிழைப்பாளா என்று யாரும் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் நாடி இறங்கத் தொடங்கியது. மறுநாள் கஞ்சி கேட்டாள். நான் என் வலது கையைப் பார்த்தேன். மூடியபடியே அழுத்திக்கொண்டு இருந்ததில் விரல்கள் இரண்டு நாள் சரியாக நீளவில்லை.

மூன்றாம் நாள் மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தும், பாதி வழி யார் யாருடைய சைக்கிளிலோ ஏறியும் திரும்பி வந்தேன். பெரிய சிஸ்டர் பதிவேட்டை என் முன்னால் வைத்தார்.

"பதினொண்ணேகாலுக்குப் போக்கு இயல்புன்னு எழுதியிருக்க."

"பாக்கல சிஸ்டர். மூணு தடவையும் பாக்கல."

அவர் பதிவேட்டை மூடினார். பிறகு சொன்னார்: "பாப்பேன்னு நம்பித்தான் போனேன். எழுந்திரிச்சுப் போயிருக்கக் கூடாது, அது என் தப்பு. இப்ப இன்னா, மறியல்ல வழி கெடைக்காம லேட்டாயிடுச்சுன்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சிது. யாரும் கேக்கமாட்டாங்க."

உண்மைதான். அந்த வாரம் எங்கள் பகுதியில் நடந்த எல்லாத் தவறுகளுக்கும் மரங்களே பொறுப்பேற்றுக்கொண்டிருந்தன.

"நெசத்த எழுதினா?"

"பயிற்சியே போவும். உங்கப்பாரு கரும்பு வெட்டத்தான் உன்ன அனுப்புவாரு. உன் இஷ்டம்."

அன்று இரவு முழுக்க என்ன நினைத்தேன் என்பது நாட்குறிப்பில் இல்லை. காலையில் செய்தது இருக்கிறது. சிவப்பு மை எடுத்து, மூன்று "இயல்பு"களையும் ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் மூன்று முறையும் "பார்க்காமல் எழுதியது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் பதிவேடுகளைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, தலையை ஆட்டி ரசித்துக்கொண்டே வந்தவர் அந்தப் பக்கத்தில் நின்றார். என்னைக் கூப்பிட்டார்கள். பெட்டியைக் கட்டிவைத்துவிட்டுத்தான் போனேன்.

"ஏம்மா, இவ்ளோ அழகா எழுதிட்டு வந்து, இந்த ஒரு பக்கத்த ஏன் இப்படிக் கெடுத்து வெச்சிருக்க?"

"அந்த மூணு தடவையும் நான் பாக்கல சார். அதனாலதான் அந்தம்மா உயிருக்கு..."

"அது உனக்குத் தெரியும். பேப்பருக்குத் தெரியுமா?" என்றார். கெட்டவர் இல்லை, என் மேல் இரக்கப்பட்டுத்தான் பேசினார். "பதிவேட்டுல அடிச்சுத் திருத்தக் கூடாதுன்னு வகுப்புல சொல்லித்தரல? இதுக்கு மெமோ குடுக்கணும். சின்னப் பொண்ணு, போவட்டும். இந்தப் பக்கத்த வேற தாள்ல, அடித்தல் திருத்தல் இல்லாம எழுதிக் கொண்டா. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அடிக்கோல் வைத்து நான்கு கட்டம் போட்டேன். நாடி எண்பத்து நான்கு, தொண்ணூற்றாறு, நூற்றுப் பன்னிரண்டு. நான்காவது கட்டத்தில், நீல மையில், என்னால் முடிந்த அளவு அழகான கையெழுத்தில், மூன்று முறையும் "பார்க்கவில்லை" என்று எழுதினேன். அவர் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு நின்றேன்.

அவர் தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

"இப்படித்தாம்மா இருக்கணும்" என்று சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.